முப்பது பேர் ஒரு லைன் ஆவது எப்படி? மொரிஷியஸ் ஆயத்த ஆடை ஆலைக்கு வரும் புது சூப்பர்வைசருக்கு

பிளேசான்ஸ் விமான நிலையத்தில் இறங்கி, டார்மிட்டரியில் பெட்டியை வைத்து, இரண்டு நாள் கழிந்ததும் உங்களை ஒரு லைனுக்கு, அதாவது ஒரு தையல் மெஷின் வரிசைக்கு, முன்னால் கொண்டுபோய் நிறுத்துவார்கள். கையில் ஒரு பட்டியல் இருக்கும். முப்பது பேர், முப்பது மெஷின், மணிக்கு இத்தனை பீஸ். திருப்பூரில் பத்து வருஷம் லைன் பார்த்தவருக்கு இதில் என்ன புதுசு என்றுதான் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஓவர்லாக் அதே ஓவர்லாக், பேட்லாக் அதே பேட்லாக். உட்கார்ந்திருப்பவர்கள்தான் வேறு. ஒருவர் சிட்டகாங் பக்கம், பக்கத்து மெஷின்காரர் மடகாஸ்கர், அதற்கடுத்தவர் பிறந்து வளர்ந்ததே இந்தத் தீவின் குரேப்பிப் ஊரில். மூன்று பேருக்கும் பொதுவாக ஒரு மொழிகூட முழுதாக இருக்காது.

நான் வந்து 11 வருஷம் ஆகிறது. டார்கெட் கணக்கு, லைன் பேலன்ஸ், ரிப்போர்ட் எல்லாம் இங்கே பயிற்சியில் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். இந்த முப்பது பேர் எப்போது ஒரு குழுவாகிறார்கள், அதுவரை நீங்கள் என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யவே கூடாது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. நான் தப்பு செய்து கற்றுக்கொண்டதை நீங்கள் படித்தே தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

ஊரில் குழு தயாராக வரும்

திருப்பூரில் பவர் டேபிள் (மோட்டார் தையல் மெஷின்) காண்ட்ராக்டர் ஆள் கொண்டுவருவதை நினைத்துப் பாருங்கள். பாதிப் பேர் ஒரே ஊர். மாமன் மச்சான், அக்கா தங்கச்சி. யார் பேச்சுக்கு யார் அடங்குவார், யார் கோபித்தால் யார் போய்ச் சமாதானம் செய்வார் என்பதெல்லாம் ஊரிலேயே முடிவாகியிருக்கும். காண்ட்ராக்டரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். குழுவை நாம் உருவாக்கவில்லை, வாடகைக்கு எடுத்தோம்.

இந்தத் தீவிலும் ஒரு காலத்தில் அப்படித்தான். 1834 நவம்பர் 2-இல் ஒப்பந்தக் கூலிகளின் முதல் கப்பல் போர்ட் லூயியில் வந்து நின்ற பிறகு, கரும்புத் தோட்டங்களில் வேலைக் கும்பலை நடத்தியவர் சர்தார். அவரே ஊருக்குத் திரும்பிப் போய்த் தன் கிராமத்து ஆட்களைக் கூட்டிவருவதும் உண்டு. ஆள் எடுப்பது, பழக்குவது, தகராறு தீர்ப்பது எல்லாம் ஒரே கையில் இருந்தது. அந்த அதிகாரத்தால் பட்ட அவதியும் கொஞ்சநஞ்சமில்லை. இன்றைக்கு ஏஜென்சி வழியாக மூன்று நாட்டிலிருந்து தனித்தனியாக ஆள் வருகிறார்கள். சர்தாரும் கிடையாது, சொந்தமும் கிடையாது. லைனில் உட்கார்ந்த பிறகுதான் எல்லாம் முளைக்க வேண்டும்.

அது முளைக்கும் விதத்துக்கு ஒரு வரிசை உண்டு என்று 1965-இல் புரூஸ் டக்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் எழுதினார். முதலில் கூடுகிறார்கள், பிறகு மோதுகிறார்கள், பிறகு தங்களுக்குள் ஒரு முறை வகுத்துக்கொள்கிறார்கள், அதன் பிறகுதான் வேலை ஓடுகிறது. 1977-இல் மேரி ஆன் ஜென்சனுடன் சேர்ந்து, கலைவதையும் ஐந்தாவது கட்டமாகச் சேர்த்தார். மேனேஜ்மென்ட் பயிற்சியில் ஃபார்மிங், ஸ்டார்மிங், நார்மிங், பெர்ஃபார்மிங், அட்ஜர்னிங் என்று பலகையில் எழுதிப் போடுவது இதைத்தான். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். டக்மன் எந்த ஆலையிலும் நின்று பார்த்து இதை எழுதவில்லை. மற்றவர்கள் எழுதிய 50 கட்டுரைகளைப் படித்துத் தொகுத்தார். அவற்றில் பெரும்பாலானவை உளசிகிச்சைக் குழுக்களைப் பற்றியவை. அதனால் உங்கள் லைன் இந்த வரிசையில் கடிகாரம் மாதிரி போகும் என்று எதிர்பார்க்காதீர்கள். எந்த இடத்தில் நிற்கிறோம் என்று பார்த்துக்கொள்ள ஒரு மைல்கல்லாக வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

படி 1: முதல் வாரம், பெயரும் கையும்

முதல் வாரம் லைன் அமைதியாக இருக்கும். சொன்னதற்கெல்லாம் தலையாட்டுவார்கள். நல்ல ஆட்கள் கிடைத்துவிட்டார்கள் என்று சந்தோஷப்படாதீர்கள். அவர்கள் உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். யாரிடம் சிரிக்கிறீர்கள், யார் பீஸை இரண்டு தடவை திருப்பிப் பார்க்கிறீர்கள், லேட்டாக வந்த ஒருவரை விட்டுவிட்டு அடுத்தவரைக் கேட்டீர்களா என்று ஒவ்வொன்றும் பதிவாகிறது.

முதல் வேலை பெயர். முப்பது பெயரையும் மூன்று நாளில் சொல்லத் தெரிய வேண்டும். மலகாசிப் பெயர்கள், அதாவது மடகாஸ்கர்க்காரர்கள் பெயர்கள், நீளமாக இருக்கும். அவர்களே ஒரு சின்னப் பெயர் சொல்வார்கள், அதைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், நீங்களாகச் சுருக்காதீர்கள். வங்காளதேசத்துப் பெண்களில் வயதில் மூத்தவரை 'ஆபா' என்றும், ஆண்களை 'பாய்' என்றும் கூப்பிடுவார்கள். இங்கத்து ஆட்கள் பெரியவர்களை 'தொந்தோன்', 'தாந்தீன்' என்பார்கள். நம் மாமா, அத்தை மாதிரி. உறவுப் பெயர் சொல்லிப் பழகிய நமக்கு இது லேசாக வந்துவிடும். காலையில் 'போன்ஸூர்', பீஸ் சரியாக வந்தால் 'கோரெக்', போகும்போது 'மெர்சி'. இங்கத்துப் பேச்சுமொழியான கிரியோலில் இந்த மூன்று வார்த்தையை வைத்தே ஒரு மாதம் ஓட்டலாம். மெஷினில் ஊசி உடைந்தால் உள்ளூர்ப் பெண்கள் 'அயோ!' என்று கத்துவதைக் கேட்டுத் திடுக்கிடாதீர்கள். அது நம்ம ஐயோதான்.

இதையொட்டி இன்னொன்று. பெயரில் பிள்ளையோ, முனியனோ, வீரப்பனோ இருக்கும் மொரிஷியஸ்காரரைப் பார்த்ததும் தமிழில் பேச ஆரம்பித்துவிடுவோம். பெரும்பாலோருக்கு வீட்டில் கிரியோல்தான். அவர் 'வணக்கம்' சொல்லிவிட்டுத் தயங்குவார். அதில் நாம் மனம் கோண ஒன்றுமில்லை. அவர் பாட்டி செய்யும் 'ராசோன்' நம் ரசம், சந்தையில் விற்கும் 'ப்ரேத் முரும்' நம் முருங்கைக் கீரை, பையிலிருக்கும் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து. பேச்சு அதிலிருந்து ஆரம்பிக்கட்டும். ஆனால் அவரை மட்டும் நம்ம ஆள் என்று ஒட்டிக்கொள்ளாதீர்கள். முதல் வாரத்தில் அது மற்ற 29 பேர் கண்ணிலும் படும்.

அடுத்த வேலை, கை. ஒவ்வொருவர் பக்கத்திலும் பத்து நிமிடம் நின்று கையைப் பாருங்கள். "புரிந்ததா?" என்று கேட்காதீர்கள். எந்த மொழியில் கேட்டாலும் 'ஆமாம்' என்றுதான் பதில் வரும். ஒரு பீஸ் தைத்துக் காட்டச் சொல்லுங்கள். வார்த்தையால் சொல்வதைவிட சாம்பிள் பீஸைத் தொங்கவிட்டு, தப்பான பீஸையும் பக்கத்தில் தொங்கவிட்டால் மூன்று மொழிக்காரருக்கும் ஒரே நேரத்தில் விளங்கும்.

உட்காரும் இடத்தில் கவனம் வையுங்கள். ஒரு நாட்டுக்காரர்களை மொத்தமாக ஒரு பக்கம் உட்கார வைத்தால் அந்தப் பக்கம் தனி லைனாகிவிடும். எல்லாரையும் கலைத்துப்போட்டு ஒருவரை மட்டும் தனியாக விட்டால் அவர் ஊமையாகிவிடுவார். இரண்டிரண்டு பேராக, தன் மொழி பேச ஒரு துணை இருக்கிற மாதிரி கலந்து வையுங்கள். பத்து மணி டீக்கு யார் யாரோடு போகிறார்கள் என்பதை இரண்டு வாரம் நோட்டில் குறித்துப் பாருங்கள். உங்கள் பட்டியலில் இல்லாத குழுப்படம் அதில் தெரியும்.

முதல் நாள் கூட்டத்தில் இருபது விதி சொல்ல வேண்டாம். இந்த ஆர்டர் என்ன, உங்களிடம் என்ன எதிர்பார்க்கிறோம், தப்பு வந்தால் யாரிடம் சொல்ல வேண்டும், இந்த மூன்றே போதும். ஆனால் இந்த மூன்றையும் முதல் நாளே சொல்லியாக வேண்டும். கானி கெர்சிக் என்ற ஆய்வாளர் 1988-இல் எட்டுக் குழுக்களை முதல் கூட்டத்திலிருந்து கடைசிவரை தொடர்ந்து பார்த்து எழுதியிருக்கிறார். முதல் கூட்டத்தில் ஒரு குழு எந்தப் போக்கைப் பிடிக்கிறதோ, தனக்குக் கிடைத்த காலத்தில் பாதி முடியும்வரை அதிலேயே போகிறது என்பது அவர் கண்டது. முதல் கோணல் முற்றும் கோணல் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான். முற்றும் இல்லை, பாதிவரைக்கும். அந்தப் பாதியைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

படி 2: சண்டை வரும், வரட்டும்

இந்தப் படியில்தான் புதிய சூப்பர்வைசர்கள் விழுகிறார்கள். நான் எப்படி விழுந்தேன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

வந்த முதல் வருஷம். போலோ டி-ஷர்ட் ஆர்டர், 2,400 பீஸ். மார்புப் பட்டி தைப்பவர் ஒரு வங்காளதேசத்துத் தம்பி. அவருக்கு இரண்டு மெஷின் தள்ளி காலர் அட்டாச் செய்பவர் நாற்பது வயது மலகாசி அக்கா. மூன்றாவது நாள் ஆல்டர், அதாவது பிரித்துத் திருத்த வேண்டிய பீஸ், குவிய ஆரம்பித்தது. காலர் முனை ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கி வந்தது. ஆல்டர் பண்டல் அக்காவிடம் வந்தது. அவர் பிரித்துப் பார்த்துவிட்டுத் தம்பியிடம் போட்டார். பட்டியே ஒரு பக்கம் இரண்டு மூன்று மில்லிமீட்டர் உயரம், அதன் மேல் நான் எப்படி நேராகக் காலர் வைப்பேன் என்பது அவர் கட்சி. தம்பி பண்டலைத் திருப்பிப் போட்டார். காலரை இழுத்துத் தைத்தால் அப்படித்தான் வரும் என்பது இவர் கட்சி. மூன்றாவது தடவை பண்டல் தரையில் விழுந்தது. இரண்டு பேரும் அவரவர் மொழியில் கத்த, லைன் நின்றுவிட்டது.

நான் ஓடிப்போய் அதைவிடச் சத்தமாகக் கத்தினேன். மெஷினைப் பார், வாயை மூடு, டார்கெட் என்னாவது என்று. ஐந்து நிமிடத்தில் லைன் ஓடியது. சண்டையை நிறுத்திவிட்டேன் என்று அன்றைக்குப் பெருமையாக இருந்தது. அதன் பிறகு அந்த லைனில் சத்தமே இல்லை. ஆல்டரும் குறைந்தது. நான் அதையும் நல்ல அறிகுறி என்றே எடுத்துக்கொண்டேன்.

ஒன்பது நாள் கழித்து பையர் தரப்பு இன்ஸ்பெக்டர் வந்தார். ஏக்யூஎல் (ஏற்கத்தக்க தர வரம்பு) 2.5 கணக்கில் 2,400 பீஸுக்கு 125 பீஸ் எடுப்பார்கள். பெரிய குறை 7 வரை இருந்தால் பாஸ், எட்டாவது வந்தால் ஃபெயில். எங்களுக்குப் பதினொன்று வந்தது. அத்தனையும் காலர் முனை. பேக் செய்த அட்டைப்பெட்டி எல்லாவற்றையும் உடைத்து, மூன்று நாள் இரவும் உட்கார்ந்து பிரித்துத் தைத்தோம். இரண்டாம் இரவு, நூல் பிரித்துக்கொண்டிருந்த உள்ளூர் செக்கிங் அக்கா என்னைப் பார்க்காமலே சொன்னார்: "தாந்தீன், இது லைனில் எல்லாருக்கும் அன்றைக்கே தெரியும்." பட்டி சரியில்லாத பீஸைப் பண்டலின் நடுவில் செருகி அனுப்பியிருக்கிறார்கள். மேலேயும் கீழேயும் நல்ல பீஸ். நான் கத்தியதில் சண்டை தீரவில்லை. பண்டலுக்கு நடுவில் போய் ஒளிந்துகொண்டது.

அந்தச் சண்டை உண்மையில் ஒரு கேள்வி. ஒருவர் வேலை அடுத்தவர் வேலையைக் கெடுத்தால் யார் பொறுப்பு? அதற்கு அந்தக் குழுவிடம் இன்னும் பதில் இல்லை. பதில் இல்லாத இடத்தில்தான் சத்தம் வருகிறது. அடுத்த சீசனில் வேறு ஒரு லைனில் கிட்டத்தட்ட இதே தகராறு வந்தபோது நான் செய்ததைச் சொல்கிறேன்.

இரண்டு பேரையும் மெஷினிலிருந்து எழுப்பி, செக்கிங் மேசைக்குக் கூட்டிப்போனேன். மேசையில் தப்பான பீஸ் ஐந்தை வரிசையாக வைத்தேன். யார் தப்பு என்று கேட்கவில்லை. "எங்கே கோணுகிறது, விரலை வைத்துக் காட்டுங்கள்" என்றேன். அதற்கு மொழி தேவையில்லை. முன்னாலும் பின்னாலும் உட்காரும் இரண்டு பேரையும் கூப்பிட்டேன், ஏனென்றால் நாளைக்கு இந்த முடிவோடு வாழப்போகிறவர்கள் அவர்களும்தான். ஐந்து நிமிடம் நான் வாயைத் திறக்கவில்லை. பட்டி தைப்பவர் பீஸை நடுவில் மடித்து இரண்டு பக்கமும் சேர்கிறதா என்று பார்த்தார், சேரவில்லை. காலர் தைப்பவர் ஒரு சாக்பீஸை எடுத்துப் பட்டி மேல் ஒரு கோடு போட்டுக் காட்டினார். அங்கேயே முடிவானது: பட்டி தைத்ததும் மடித்துப் பார்த்து சாக்பீஸ் கோடு போட வேண்டும். கோடு சேராத பீஸைக் காலர்காரர் திருப்பித் தரலாம். சூப்பர்வைசரிடம் வர வேண்டியதில்லை, கோபிக்கவும் கூடாது. மொத்தம் பன்னிரண்டு நிமிடம் லைன் நின்றது. மேனேஜர் கண்ணாடி அறையிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார். நிற்கட்டும் என்று விட்டேன். அந்தக் கோடு எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை. அந்த லைன் கலைகிறவரை இருந்தது.

எல்லாச் சண்டையும் இப்படி நடத்தக்கூடியதல்ல. வேலையைப் பற்றிய சண்டையை மேசைக்குக் கொண்டுவரலாம். நாடு, மதம், நிறம், பெண் என்று ஒரு வார்த்தை வந்துவிட்டால் அங்கே பேச்சுவார்த்தை கிடையாது. அந்த நிமிடமே நிறுத்தி, சொன்னவரைத் தனியே அழைத்து, ஹெச்ஆரில் எழுத்தில் பதிய வேண்டும். 'விளையாட்டுக்குச் சொன்னேன்' என்பதை ஒருமுறை விட்டால் முப்பது பேரும் அதை விதியாக எடுத்துக்கொள்வார்கள்.

சிலர் சண்டையே போட மாட்டார்கள், அவர்களையும் கவனியுங்கள். மலகாசிக்காரர்கள் 'ஃபிஹவானானா' என்று ஒன்றைச் சொல்வார்கள். உறவு முறியாமல் காப்பது என்று பொருள் கொள்ளலாம். என் அனுபவத்தில் அவர்களில் பலர் எல்லார் முன்னாலும் 'முடியாது' என்று சொல்வதைத் தவிர்ப்பார்கள். மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டால் அப்புறம்தான் தெரியும். இவர்களிடம் டீ நேரத்தில், தனியாக, அவசரமில்லாமல் கேளுங்கள்.

ஆல்டர் எண்ணிக்கை குறைந்ததைப் பார்த்து ஏமாந்ததைச் சொன்னேன் இல்லையா? எமி எட்மண்ட்சன் என்பவர் 1990-களில் அமெரிக்க மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்தபோது, நல்ல குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். நன்றாகச் சேர்ந்து வேலை செய்த குழுக்களில் பதிவான தவறு அதிகமாக வந்தது. அவர்கள் கூடுதலாகத் தப்பு செய்ததால் அப்படி வரவில்லை. பயப்படாமல் வெளியே சொன்னதால் வந்தது என்பதே அவர் எடுத்த முடிவு. இரண்டாவது மூன்றாவது வாரத்தில் உங்கள் லைனில் ஆல்டர் ஏறினால் உடனே பாயாதீர்கள். அது வெளியே வருகிற ஆல்டரா என்று பாருங்கள்.

படி 3: எழுதாத சட்டத்தைப் படியுங்கள்

சண்டைகள் இரண்டு மூன்று தீர்ந்ததும், லைன் தனக்கென்று சட்டம் வைத்துக்கொள்ளும். யாரும் எழுதியிருக்க மாட்டார்கள், எல்லாருக்கும் தெரிந்திருக்கும். சில சட்டம் அந்தச் சாக்பீஸ் கோடு மாதிரி தங்கம். சில சட்டம் உங்கள் டார்கெட்டைத் தின்னும்.

1931 நவம்பரிலிருந்து 1932 மே வரை, சிகாகோ பக்கத்தில் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் கம்பெனியின் ஹாதார்ன் ஆலையில் 14 ஆண்களைத் தனி அறையில் வைத்து, டெலிபோன் எக்சேஞ்சுக்கு வயர் இணைக்கும் வேலையைக் கவனித்தார்கள். ஒன்பது பேர் வயர் சுற்ற, மூன்று பேர் ஈயம் பற்றவைக்க, இரண்டு பேர் செக்கிங். கம்பெனி கணக்குப்படி ஒருவர் நாளைக்கு 7,312 இணைப்பு போட வேண்டும். அவர்கள் தங்களுக்குள் ஒரு நியாயமான நாள் வேலை என்று வைத்திருந்தது இரண்டு எக்யூப்மென்ட், அதாவது 6,000-இலிருந்து 6,600 வரை. அதற்கு மேல் போடுபவனை ரேட்டைக் கெடுப்பவன் என்று பட்டப்பெயர் வைத்துக் கூப்பிட்டார்கள், மேல்கையில் ஒரு குத்தும் விழும். குறைவாகப் போடுபவனுக்கும் பட்டப்பெயர் உண்டு. சூப்பர்வைசரிடம் போட்டுக்கொடுப்பவனுக்கு எல்லாவற்றையும்விட மோசமான பெயர். அதிகம் போட்டால் கம்பெனி ரேட்டைக் குறைத்துவிடும், ஆளைக் குறைத்துவிடும் என்ற பயம் அவர்களுக்கு. பொருளாதார மந்தக் காலம் அது. கடைசியில் வேலை குறைந்துபோய்த்தான் அந்தச் சோதனையும் நின்றது.

படித்தபோது எனக்கு நம்ம ஊர் பீஸ் ரேட் டெய்லர்கள்தான் நினைவுக்கு வந்தார்கள். மூன்று மணிக்கே டார்கெட் முடிந்திருக்கும், ஐந்து மணிவரை மெதுவாக ஓட்டுவார்கள். சோம்பேறித்தனம் என்று திட்டுவோம். இன்றைக்கு 80 போட்டால் நாளைக்கு 80-ஐ டார்கெட் ஆக்கிவிடுவீர்கள் என்று அவர்களுக்குத் தெரியும். அந்த விஷயத்தில் அவர்கள் கணக்கு சரி.

அதனால் நீங்கள் செய்ய வேண்டியது இது. மதியத்துக்கு மேல் லைன் தளர்கிறதா, ஒரு வேகமான ஆள் திடீரென்று வேகத்தைக் குறைத்தாரா, புதிதாக வந்தவரிடம் யாராவது போய் மெல்ல ஏதாவது சொன்னார்களா என்று பாருங்கள். அங்கே ஒரு சட்டம் இருக்கிறது. அதை உடைக்க முயலாதீர்கள். எந்தப் பயத்தில் பிறந்தது என்று கண்டுபிடியுங்கள். பயம் உண்மையானால் மேனேஜ்மென்டிடம் பேசி, இந்த ஸ்டைல் (ஆடை மாடல்) முடியும்வரை டார்கெட்டை ஏற்றமாட்டோம் என்று வாக்கு வாங்கிக்கொடுங்கள். வாங்க முடியாவிட்டால் முடியவில்லை என்றே லைனிடம் சொல்லுங்கள்.

புது ஸ்டைல், புது முறை கொண்டுவரும்போது இன்னும் கவனம் வேண்டும். நம் தொழிலிலேயே செய்த ஒரு சோதனை இருக்கிறது. அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்து மரியன் ஊரில் ஹார்வுட் என்ற பைஜாமா ஆலை. அங்கே லெஸ்டர் கோச், ஜான் ஃப்ரெஞ்ச் என்ற இருவர் செய்தது, 1948-இல் வெளிவந்தது. வேலைமுறை மாறும்போது ஒரு குழுவிடம் இனி இப்படித்தான் என்று சொல்லிவிட்டார்கள். இன்னொரு வகைக் குழுக்களில் எல்லாரையும் உட்காரவைத்து, செலவு ஏன் குறைய வேண்டும் என்று காட்டி, முறையையும் ரேட்டையும் வகுப்பதில் அவர்களையே சேர்த்துக்கொண்டார்கள். வெறுமனே சொல்லப்பட்ட குழுவில் முதல் 40 நாளுக்குள் 17 சதவீதம் பேர் வேலையை விட்டுப் போனார்கள், உற்பத்தி விழுந்தது விழுந்தபடியே கிடந்தது. எல்லாரும் பங்கெடுத்த குழுக்களில் ஒருவரும் போகவில்லை. பழைய அளவைப் பிடித்து, அதற்கு மேல் சுமார் 14 சதவீதம் போனார்கள். சாம்பிள் பீஸை மேசையில் வைத்து, "இந்த ஆபரேஷனை (தையல் வேலையை) எப்படிப் பிரிக்கலாம்?" என்று லைனிடம் அரைமணி கேட்பதற்கு நான் எப்போதும் மேனேஜரிடம் நேரம் வாங்கிவிடுவேன். இந்த அரைமணிக்காக நான் யாரிடமும் வாதாடத் தயார்.

படி 4: ஓடும்போது

லைன் ஓட ஆரம்பித்துவிட்டால் நீங்கள் விலகி நிற்கக் கற்றுக்கொள்ள வேண்டும். ஒருவர் கழிவறைக்குப் போனால் பக்கத்தவர் தானாக ஒரு பண்டல் எடுத்துப் போடுவார். ஊசி மாற்ற மெக்கானிக்கை யாரோ கூப்பிட்டிருப்பார்கள். உங்களுக்கு வேலையில்லாத மாதிரி இருக்கும். அந்த நேரத்தில் புதுசாக எதையாவது தோண்டிக் கெடுக்காதீர்கள்.

ஒரே ஒரு ஆபத்து. ஊர் கூடித் தேர் இழுக்கும்போது வடத்தைப் பிடித்திருக்கும் எல்லாரும் இழுக்கிறார்களா? மாக்ஸ் ரிங்கல்மன் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் கயிறு இழுக்க வைத்து அளந்து பார்த்திருக்கிறார், 1913-இல் வெளிவந்தது. தனியாக இழுக்கும்போது ஒருவர் 100 பங்கு இழுத்தால், எட்டுப் பேர் சேர்ந்து இழுக்கும்போது ஆளுக்கு 49 பங்குதான் வந்தது. சேர்ந்து இழுப்பதில் ஒத்துப்போகாமல் வீணாவதும் அதில் உண்டு, நம் பங்கு தெரியாது என்று தளர்வதும் உண்டு. பேக்கிங், பிசிறு வெட்டுவது மாதிரி எல்லாரும் ஒரே குவியலில் கைவைக்கும் இடங்களில் இதைப் பார்க்கலாம். ஆறேழு பேராகப் பிரித்து, அவரவர் குவியலைத் தனியாக வைத்தாலே போதும். பலகையில் பெயர் எழுதி அவமானப்படுத்த வேண்டியதில்லை.

நடுவில் வரும் திருப்பம்

கெர்சிக் கண்ட அந்தப் பாதிக்கு வருகிறேன். எட்டுக் குழுக்களுக்கும் கிடைத்த காலம் வேறு வேறு, சில நாளிலிருந்து சில மாதம்வரை. எல்லாமே காலத்தில் பாதி முடிந்த இடத்தில் திடீரென்று விழித்துக்கொண்டு போக்கை மாற்றின. ஷிப்மென்ட் தேதிக்கு இருபது நாள் என்றால், பத்தாவது நாள் காலை லைனைக் கூட்டுங்கள். அன்றைக்குச் சொல்வது காதில் ஏறும். ஐந்தாவது நாள் கத்தினாலும் ஏறாது, பதினெட்டாவது நாள் சொன்னால் காலம் கடந்திருக்கும். அந்தக் கூட்டத்தில் ஒரே கேள்வி போதும்: மீதி நாளில் எதை நிறுத்தலாம், எதை மாற்றலாம்?

நடுவில் ஆள் மாறுவதும் உண்டு. ஒருவர் ஒப்பந்தம் முடிந்து போவார், புதிதாக ஒருவர் வருவார். 29 பேர் பழையவர்கள்தானே என்று விட்டுவிடாதீர்கள். அந்த ஒருவருக்கு அந்த லைன் முதல் நாள். சாக்பீஸ் கோடு எதற்கு என்று அவருக்குத் தெரியாது, கேட்கவும் கூச்சப்படுவார். பழையவர் ஒருவரைத் துணையாக ஒரு வாரம் வையுங்கள். வேகமான ஆளைவிடப் பொறுமையான ஆளே இதற்கு உதவுவார். புதியவர் இரண்டாம் வாரத்தில் யாரோடாவது உரசினால், படி 2-க்குப் போய்விட்டார் என்று நிம்மதியாக மேசைக்குக் கூட்டிவாருங்கள்.

நாட்காட்டியிலும் நான்கு தேதியைக் குறித்துவையுங்கள். மார்ச் 12 மொரிஷியஸ் சுதந்திர தினம், மார்ச் 26 வங்காளதேசத்துக்கு, ஜூன் 26 மடகாஸ்கருக்கு. நம்முடையது ஆகஸ்ட் 15. அன்றைக்குக் காலை அந்த நாட்டுக்காரர்களிடம் போய் ஒரு வாழ்த்துச் சொல்லுங்கள். தைப்பூசத்துக்கு இங்கே அரசு விடுமுறை. காவடி எடுக்கும் உள்ளூர்க்காரர் விரதம் இருக்கும் நாட்களில் அவர் முகம் வாடியிருப்பதைப் பார்த்துவிட்டு, அசிரத்தை என்று ரிப்போர்ட் எழுதிவிடாதீர்கள்.

கடைசிப் படி: கலையும்போது

இங்கே ஒப்பந்தம் முடியும், ஆர்டர் முடியும், சில நேரம் ஆலையே மூடும். 2005 ஜனவரியில் உலக நெசவு கோட்டா முறை முடிந்ததை ஒட்டி இந்தத் தீவில் பல ஆலைகள் மூடியதைப் பழைய ஆட்கள் இன்றும் சொல்வார்கள். கலைவதை யாரும் திட்டமிடுவதில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பட்டியல் மாறும், திங்கட்கிழமை ஆளுக்கொரு லைனில் இருப்பார்கள். டிசம்பர் போனஸ் கையில் வந்து, ஊருக்கு டிக்கெட் போட்டவர்கள் பாதி மனசோடு உட்கார்ந்திருக்கும் நேரத்தில் ஆல்டர் ஏறும். அதற்குக் கோபப்படாதீர்கள். கடைசி வாரம் கஷ்டமான ஆபரேஷன் வைக்காதீர்கள்.

போகிறவருக்குக் கடைசி நாள் டீ இடைவேளையில் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். கேட்டுக்கு வெளியே வண்டியில் விற்கிற டால் பூரியும், கத்தோ பிமா என்ற பருப்பு வடையும் வாங்கிவைத்தால் போதும். எல்லாரும் நிற்க, அவர் லைனுக்கு என்ன சொல்லிக்கொடுத்தார் என்பதை நீங்கள் பெயர் சொல்லிச் சொல்லுங்கள். இருப்பவர்களும் அதைக் கேட்பார்கள்.

அன்றைக்கு ராத்திரியே ஒரு நோட்டில், அந்த லைன் தானாக வைத்துக்கொண்ட சட்டங்களை எழுதுங்கள். எந்தத் தகராறில் பிறந்தது, யார் யார் பேசி முடித்தார்கள், எதை அடுத்த லைனுக்கும் சொல்லலாம் என்று. என் நோட்டில் இப்போது 40 பக்கத்துக்கு மேல் இருக்கிறது. புதிதாக வரும் சூப்பர்வைசருக்கு முதல் நாள் அதைத்தான் கையில் கொடுக்கிறேன். முதல் பக்கத்தில் காலர் அட்டாச், சாக்பீஸ் கோடு, பன்னிரண்டு நிமிடம் என்று எழுதியிருக்கும்.